பல கருவிகளுக்கு ஒரு ரிமோட்

தொலைவில் உள்ள ஒரு கருவியைத் தொடாமலே இயக்க வேண்டும் என்பது மனிதனின் பழைய ஆசை. இன்று நம் வீட்டுக் கூடங்களில் தொலைக்காட்சிப் பெட்டியின் எதிரே கிடக்கும் முக்காலியைப் பார்த்தால், அந்த ஆசை வேண்டிய அளவுக்கு மேலாகவே நிறைவேறிவிட்டது எனலாம். டி.வி.க்கு ஒரு ரிமோட், செட் டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஹோம் தியேட்டர் ஒலிபெருக்கிக்கு ஒன்று, டி.வி.டி. கருவிக்கோ இணையப் படக் கருவிக்கோ மற்றொன்று என நான்கு ரிமோட்டுகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. எழுந்து செல்லும் சிரமத்தைப் போக்க வந்த பொருள், எதை எடுப்பது என்னும் புதிய சிரமத்தைக் கொண்டு வந்துவிட்டது. இந்நான்கையும் ஒன்றாக்கும் பொது ரிமோட்டை, அதாவது கடைக்காரர் யுனிவர்சல் ரிமோட் என்று சொல்லும் பொருளை, அதிகச் செலவின்றித் தேர்ந்தெடுப்பது எப்படி? இக்கேள்விக்கு விடை விளம்பரத்தாள்களில் இல்லை. ரிமோட்டின் வரலாற்றில் இருக்கிறது. ஆகவே முதலில் அந்த வரலாற்றைக் காண்போம்.

1898-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மாடிசன் சதுக்க அரங்கில் மின்சாரப் பொருட்காட்சி ஒன்று நடந்தது. அங்கே ஒரு தொட்டி நீரில் சிறு படகொன்றை மிதக்கவிட்டு, கம்பித் தொடர்பு எதுவுமின்றி, வானொலி அலைகளால் அதை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார் நிக்கோலா டெஸ்லா. பார்த்தவர்களுள் சிலர் இது மாயமோ என்று மயங்கினார்கள் என்பர். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அவருக்கு அமெரிக்க அரசின் காப்புரிமை கிடைத்தது. அதன் பின்னர் ஸ்பெயின் நாட்டுப் பொறியியலறிஞர் லியோனார்டோ டோரஸ் கெவேதோ, 1903-இல் தாம் அமைத்த 'டெலிகினோ' என்னும் கருவியைப் பாரிஸ் விஞ்ஞானப் பேரவையின் முன் வைத்தார். 1906-இல் பில்பாவோ துறைமுகத்தில் ஸ்பெயின் மன்னர் காணுமாறு, கரையில் நின்றபடியே படகொன்றைச் செலுத்திக் காட்டினார். தொலையியக்கத்தின் முதற்பருவம் இவ்வாறு நீரிலே தொடங்கியது. அன்று படகையும் அதற்கு ஆணையிடும் பெட்டியையும் செய்தவர் ஒருவரே என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும். ஆணை இடுவதும் அதை ஏற்பதும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஆகவே அவற்றுக்கிடையே மொழிச் சிக்கல் எழவில்லை.

கூடத்திற்குள் இக்கலை நுழைந்தது வானொலிப் பெட்டியின் வாயிலாக. 1939-ஆம் ஆண்டுக்குரிய தன் வானொலிப் பெட்டிகள் சிலவற்றுக்கு அமெரிக்காவின் ஃபில்கோ நிறுவனம் 'மிஸ்டரி கன்ட்ரோல்' என்னும் துணைப்பெட்டியை அளித்தது. தொலைபேசியில் இருப்பது போன்ற சுழல்வட்டு ஒன்று அதன் மேல் இருந்தது. அந்த வட்டைச் சுழற்றினால், கம்பியில்லாமலே நிலையம் மாறும். ஒலி கூடும், குறையும்.

தொலைக்காட்சி வந்தபோது, வசதியுள்ளோர் நாற்காலியை விட்டு எழ விரும்பவில்லை. 1950-இல் ஸெனித் நிறுவனம் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை வெளியிட்டது. அதற்கு 'லேஸி போன்ஸ்' என்று பெயர். பெட்டியிலிருந்து நாற்காலி வரை நீண்ட கம்பி ஒன்று தரையிலே கிடக்கும். அக்கம்பியில் கால் தடுக்குகிறது என்னும் குறை விரைவில் எழுந்தது. 1955-இல் அந்நிறுவனத்துப் பொறியாளர் யூஜின் பாலி, 'ஃப்ளாஷ்-மேடிக்' என்ற ஒளிக் கருவியைச் செய்தார். திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியுணர் கண்கள் அமைந்திருக்கும். டார்ச் விளக்குப் போன்ற கைக்கருவியின் ஒளியை எந்த மூலையில் பாய்ச்சுகிறோமோ அதற்கேற்ற செயல் நிகழும். விளம்பரங்கள் வரும்போது பேச்சை அடக்கிவிடவும் அது பயன்பட்டது. அந்நிறுவனத் தலைவர் விளம்பரங்களை அறவே வெறுத்தவர் என்பது புகழ்பெற்ற செய்தி. ஆனால் அக்கண்களுக்கு மனிதனின் ஒளியும் ஒன்றே, கதிரவனின் ஒளியும் ஒன்றே. ஜன்னல் வழியே வெயில் விழுந்தால் நிலையம் தானே மாறிற்று.

இக்குறையை நீக்க முற்பட்டவர், வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விஞ்ஞானி ராபர்ட் ஆட்லர். 1956-இல் அவருடைய 'ஸ்பேஸ் கமாண்ட்' வெளிவந்தது. அதற்குள் வெவ்வேறு நீளமுள்ள நான்கு அலுமினியக் கோல்கள் இருந்தன. பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு சுத்தி கோலைத் தட்டும். கோலிலிருந்து எழும் ஒலி மனிதச் செவிக்கு எட்டாத நுண்ணொலி. பெட்டியில் உள்ள ஒலியுணர் கருவிக்கு மட்டும் அது கேட்கும். இக்கருவிக்குப் பாட்டரியே தேவையில்லை. பாட்டரி தீர்ந்துபோனால் பெட்டியே பழுதாயிற்று என்று மக்கள் எண்ணிவிடுவார்கள் என விற்பனையாளர் அஞ்சினர். அந்த அச்சத்திலிருந்து பிறந்த வடிவம் இது. ஆனால் நுண்ணொலியைக் கேட்பதற்காகப் பெட்டியில் மேலும் ஆறு வால்வுகள் வைக்க வேண்டியிருந்தது. அதனால் அதன் விலை ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தது. கையில் உள்ள கருவி எளிது, அதற்குச் செவிசாய்க்கும் கருவி விலையுயர்ந்தது என்ற நிலை அன்று இருந்தது. டிரான்சிஸ்டர் வந்து வால்வுகளை அகற்றிய பின்னரே இச்செலவு குறைந்தது.

1980-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நுண்ணொலியின் இடத்தை அகச்சிவப்புக் கதிர் பற்றிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத இவ்வொளியை உமிழும் சிறு விளக்கு ரிமோட்டின் முகப்பில் இருக்கிறது. விளக்கு எரிந்து அணைவதிலே, தந்திக் கட்டுக்கடகட போல, ஒரு குறியீடு அமைகிறது. வெயிலையும் மற்ற விளக்குகளையும் பிரித்தறிவதற்காக அவ்வொளி நொடிக்கு முப்பத்தாறாயிரம் முதல் நாற்பதாயிரம் முறை வரை துடிக்கிறது. பாலியின் கருவியைத் தோற்கடித்த கதிரவனை இவ்வாறு வென்றார்கள். அகச்சிவப்புக் கதிர் சுவரை ஊடுருவாது. ஆகவே நம் ரிமோட் அடுத்த வீட்டுப் பெட்டியைத் தொந்தரவு செய்வதில்லை.

சிக்கல் தோன்றிய இடமும் இதுவே. குறியீடு என்றால் மொழி. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மொழியை வகுத்துக்கொண்டது. ஃபிலிப்ஸ் வகுத்த ஆர்.சி.5 முறையில் நொடிக்கு 36 ஆயிரம் துடிப்பு, ஜப்பானின் என்.இ.சி. முறையில் 38 ஆயிரம். சோனி முறையில் 40 ஆயிரம். துடிப்பு மட்டுமன்று, சொல்லமைப்பும் வேறு. ஆர்.சி.5 முறையில் ஓர் ஆணை 14 துண்டுகளால் ஆனது. அவற்றுள் ஐந்து துண்டுகள் 'இது யாருக்கு' என்று விளிப்பன. ஆறு துண்டுகள் 'என்ன செய்ய வேண்டும்' என்று சொல்வன. என்.இ.சி. முறையிலோ 32 துண்டுகள். சொன்னதையே தலைகீழாக மறுமுறை சொல்லி, பிழை நேராமல் காத்துக்கொள்கிறது. ஒரே கூடத்தில் நான்கு நிறுவனங்களின் கருவிகள் இருந்தால் நான்கு மொழிகள் பேசப்படுகின்றன என்று பொருள். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இந்நிலை புதிதன்று. காய்கறிக் கடையில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி, வீட்டில் தாய்மொழி என்று வாழ்பவர் நாம். நால்வருக்கும் அவரவர் மொழியில் சொல்லவல்ல ஒருவர் வேண்டும்; பொது ரிமோட்டின் தொழில் அதுவே.

நம் நாட்டில் இந்த மொழிகள் எப்போது வந்து குடியேறின? தில்லியில் 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொலைக்காட்சி தொடங்கியது. சென்னை நிலையம் 1975-இல் வந்தது. வண்ண ஒளிபரப்பு 1982-இல் வந்தது. அக்காலத்துப் பெட்டிகளுக்கு மரக்கூடும் இழுப்புக் கதவும் உண்டு, திருகுகுமிழும் உண்டு, ரிமோட் பெரும்பாலான வீடுகளில் இல்லை. வீட்டின் இளைய பிள்ளைதான் ரிமோட். 'எழுந்து போய்ச் சத்தத்தைக் குறை' என்று சொன்னால் அது குறையும். நிலையங்களும் ஒன்றிரண்டே ஆதலின் அந்த ஏற்பாட்டுக்குக் குறையொன்றும் இல்லை.

1991-இல் வளைகுடாப் போர்ச் செய்திகளோடு கேபிள் தொலைக்காட்சி நகரங்களில் பரவியது. தமிழகத்திற்கு வெளியே வாழ்ந்த தமிழருக்கு அந்த மாற்றத்தின் பொருள் வேறு. அதற்கு முன், சென்னை நிலையத்தின் நிகழ்ச்சிகள் தில்லிக்கோ கல்கத்தாவுக்கோ எட்டா. தேசிய ஒளிபரப்பில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் மாநில மொழிப் படங்கள் வரும். தமிழின் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். 1993 ஏப்ரலில் சன் டி.வி. செயற்கைக்கோள் வழியே வந்தபோது, மாதுங்காவிலும் கரோல்பாகிலும் வாழ்ந்த குடும்பங்கள் கேபிள்காரரிடம் சென்று தமிழ் வேண்டும் என்று கேட்கத் தொடங்கின. பின்னர் 2003 முதல் வீட்டுக்கூரையிலேயே சிறு தட்டு வைத்து நேரடியாக ஒளிபரப்பைப் பெறும் டி.டி.எச். முறை வந்தது. கேபிளையும் இலக்கமுறைக்கு மாற்றும் சட்டத்திருத்தம் 2011-இல் நிறைவேறி, 2012-இல் பெருநகரங்களில் செயலுக்கு வரத் தொடங்கியது. அதன்பின் செட் டாப் பாக்ஸ் ஒவ்வொரு வீட்டிலும் அமர்ந்தது. அதனோடு இரண்டாவது ரிமோட்டும் வந்தது. தாய்மொழியைக் கேட்க வேண்டும் என்ற விருப்பத்துக்கு நாம் கொடுத்த விலைகளுள் இதுவும் ஒன்று.

மூன்றாவது ரிமோட் ஹோம் தியேட்டரோடு வந்தது. டி.வி.டி. தட்டு 1996-இல் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தது. திரையரங்குகளில் மட்டும் கேட்டுவந்த 5.1 ஒலியமைப்பு, அதாவது ஐந்து ஒலிபெருக்கிகளும் ஆழ்ந்த ஒலிக்கென ஒரு தனிப் பெட்டியும் சேர்ந்த அமைப்பு, வீட்டுக்குள் வந்தது. அதற்கென ஒரு ஆம்ப்ளிஃபயர். அதற்கென ஒரு ரிமோட். இப்போது படம் பார்ப்பதற்கு டி.வி.யை எழுப்ப வேண்டும், ஆம்ப்ளிஃபயரை எழுப்ப வேண்டும், இரண்டிலும் சரியான உள்வரவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், டி.வி.யின் சொந்த ஒலியை அடக்க வேண்டும். ஒரு செயலுக்கு ஐந்தாறு ஆணைகள். அவையும் வரிசை தவறாமல்.

இந்நெருக்கடி மேலைநாடுகளில் முன்பே தோன்றியதால் தீர்வும் அங்கே முன்பே தோன்றியது. 1985-இல் ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை, மேக்னவாக்ஸ் என்னும் பெயரில் முதல் பொது ரிமோட்டை வெளியிட்டது. 1987-இல் ஆப்பிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், தம் புதிய நிறுவனத்தின் சார்பில் 'கோர்' என்ற ரிமோட்டைக் கொண்டுவந்தார். அது பிற ரிமோட்டுகளின் ஒளிக்குறிகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டது. பல ஆணைகளை ஒரே பொத்தானில் கோத்து வைக்கவும் அதனால் முடிந்தது. ஆயினும் அதைப் பழக்குவது சாமானியருக்கு எளிதாக இருக்கவில்லை. அது நெடுங்காலம் நிற்கவுமில்லை.

ஆக, இருவழிகள் அன்றே பிரிந்துவிட்டன. ஒன்று, பல நிறுவனங்களின் மொழிகளையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்து வருவது. நாம் நம் கருவிக்குரிய எண்ணை மட்டும் ஏற்றினால் போதும். மற்றொன்று, ஒன்றும் அறியாமல் வந்து, நம் பழைய ரிமோட்டையே ஆசானாகக் கொண்டு கற்பது. மூன்றாவது வழி ஒன்று பின்னர்த் தோன்றியது. கனடாவில் தோன்றிய ஹார்மனி ரிமோட்டை 2004-இல் லாஜிடெக் நிறுவனம் வாங்கியது. அதைக் கணிப்பொறியோடு இணைத்து, நம் கருவிகளின் பெயர்களைச் சொன்னால், நிறுவனத்தின் களஞ்சியத்திலிருந்து மொழிகள் இறங்கிவரும். 'படம் பார்' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் வரிசையாக நிகழும். எந்தக் கருவி விழித்திருக்கிறது, எது உறங்குகிறது என்பதையும் அது நினைவில் வைத்துக்கொள்ளும். மிகச் சிறந்த ஏற்பாடு; விலையும் அதற்கேற்ப மிகுதி. ஆனால் 2021 ஏப்ரலில் ஹார்மனி ரிமோட்டுகளின் தயாரிப்பை அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. தொலைவிலுள்ள களஞ்சியத்தை நம்பி வாழும் பொருளின் ஆயுள், அக்களஞ்சியத்தை நடத்துவோரின் விருப்பத்தைப் பொறுத்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. பழைய ரிமோட்டிடமிருந்து கற்று, கற்றதைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் எளிய கருவிக்கு அந்தப் பயமில்லை.

இதற்கிடையே வேறொரு திசையிலும் முயற்சி நடந்தது. 2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. என்னும் கம்பி முறை அறிவிக்கப்பட்டது. அக்கம்பிக்குள் சி.இ.சி. என்ற தனி இழை ஒன்று ஓடுகிறது. அதன் வழியே கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளலாம். டி.வி. எழுந்தால் ஆம்ப்ளிஃபயரும் எழும்; டி.வி. ரிமோட்டே ஆம்ப்ளிஃபயரின் ஒலியைக் கூட்டும். இதே வசதிக்குச் சாம்சங் 'எனிநெட் பிளஸ்' என்றும், எல்.ஜி. 'சிம்ப்லிங்க்' என்றும், சோனி 'பிராவியா சிங்க்' என்றும் வெவ்வேறு பெயரிட்டிருக்கின்றன. பெயர்கள் பல என்பதால், தம் வீட்டில் இது இருப்பதையே அறியாதவர் பலர்.

இனி நம் கேள்விக்கு வருவோம். குறைந்த செலவில் எதை வாங்குவது? வரலாறு காட்டும் வரிசை இது.

முதலாவது, ஒன்றும் வாங்காமலிருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். டி.வி.யின் அமைப்புப் பகுதியிலும் ஆம்ப்ளிஃபயரின் அமைப்புப் பகுதியிலும் சி.இ.சி. வசதியைத் திறந்துவிட்டால், பல வீடுகளில் பாதித் துன்பம் அன்றே தீரும். சில டி.டி.எச். ரிமோட்டுகளில் டி.வி.யின் பவரையும் ஒலியையும் கற்றுக்கொள்ளும் பொத்தான்கள் உண்டு. அகச்சிவப்பு விளக்கு அமைந்த கைப்பேசிகளும் உள்ளன. நம் கையிலிருப்பது அத்தகையதா என்று பார்த்துக்கொள்ளலாம். இவற்றுக்குச் செலவில்லை.

இரண்டாவது, வாங்குவதென்றால் கற்கும் வகையையே நாட வேண்டும். மனப்பாடம் செய்து வரும் வகையில் புகழ்பெற்ற நிறுவனங்களின் டி.வி.கள் அடங்கியிருக்கும், ஆனால் நம் ஊர் கேபிள்காரர் கொடுத்த பெட்டியும், பெயரறியாத நிறுவனத்தின் ஹோம் தியேட்டரும் அப்பட்டியலில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கற்கும் வகைக்குப் பட்டியல் தேவையில்லை. சில நூறு ரூபாயிலேயே இத்தகைய ரிமோட்டுகள் கிடைக்கின்றன. பம்பாய் லாமிங்டன் சாலை, தில்லி லஜபதி ராய் மார்க்கெட், பெங்களூர் எஸ்.பி. சாலை போன்ற இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். கடைக்குச் செல்லும்போது பழைய ரிமோட்டையும் உடன் கொண்டு செல்வது நல்லது. இரண்டையும் எதிரெதிரே வைத்து, ஒரு பொத்தானையாவது அங்கேயே கற்பித்துப் பார்த்துவிடலாம்.

ஆனால் ஆசான் இல்லாமல் மாணவன் கற்க முடியாது. பழைய ரிமோட் முற்றும் பழுதான பின்னர் கற்கும் ரிமோட்டை வாங்கிப் பயனில்லை. அது நன்றாக இருக்கும்போதே வாங்கிக் கற்பித்து வைக்க வேண்டும். பழையது உயிரோடிருக்கிறதா என்ற ஐயம் எழுந்தால், கைப்பேசியின் புகைப்படக் கண்ணுக்கு முன்னால் பிடித்து அழுத்திப் பாருங்கள். நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளி, பெரும்பாலான கைப்பேசித் திரைகளில் ஊதா நிறப் புள்ளியாக மின்னும்.

மூன்றாவது, எந்தப் பொது ரிமோட்டாலும் ஆகாதவை எவை என்று முன்பே அறிந்துகொள்ள வேண்டும். சில இணையப் படக் கருவிகளின் ரிமோட்டுகள் ஒளியால் அன்றி ப்ளூடூத் வானொலி அலையால் பேசுகின்றன. ஒளியால் பேசும் பொது ரிமோட்டை அவை கேளா. அதுபோலவே, எழுப்புவதற்கும் உறங்கவைப்பதற்கும் ஒரே குறியைக் கொண்ட கருவிகள் பல. ஒரே பொத்தானில் பல ஆணைகளைக் கோத்தால், முன்பே விழித்திருந்த ஆம்ப்ளிஃபயர் டி.வி. எழும்போது உறங்கிவிடும். தனித்தனிக் குறிகள் உடைய கருவிகளுக்கே இக்கோவை முறை நம்பத்தக்கது. மற்றவற்றுக்கு ஒவ்வொரு பொத்தானாக அழுத்துவதே மேல்.

நான்காவது, விலையைக் காட்டிலும் முக்கியமானது, யார் கையில் அது இருக்கப் போகிறது என்பது. மகனோடும் மகளோடும் வாழ்வதற்காகத் தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பிற மாநில நகரங்களுக்கு வந்திருக்கும் பெற்றோர் பலர். பகலெல்லாம் வீட்டில் தனித்திருக்கும் அவர்களுக்கு, வெளியே பேசப்படும் மொழி எட்டுவதில்லை. தொலைக்காட்சியில் கேட்கும் தமிழ்க் குரல்தான் துணை. 'சோர்ஸ்' என்னும் பொத்தானில் விரல் தவறிப் பட்டால் திரை நீலமாகிவிடும். அதை மீட்கத் தெரியாமல், பிள்ளைகளுக்கு அலுவலகத்தில் தொந்தரவு தர மனமில்லாமல், மாலை வரை மௌனமாக அமர்ந்திருப்பவர் உண்டு. அவர்களுக்கு ஐம்பது பொத்தான்கள் வேண்டா. பெரிய எழுத்தும் பெரிய பொத்தானும் உள்ள கற்கும் ரிமோட் ஒன்றில், எழுப்புதல், ஒலி, நிலையம், தவறினால் பழைய இடத்துக்குத் திரும்பும் ஒரு பொத்தான் ஆகியவற்றை மட்டும் கற்பித்து, பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டிவிடலாம். ஆட்லரின் முதற்கருவியில் நான்கு கோல்களே இருந்தன. அவற்றைக் கொண்டே மக்கள் பல்லாண்டுகள் நிறைவாகப் பார்த்தனர்.

அசல் ரிமோட்டுகளைத் தூக்கி எறிய வேண்டா. பாட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு பெட்டியில் இட்டு வையுங்கள். பாட்டரி உள்ளேயே இருந்தால் கசிந்து உலோகத்தை அரித்துவிடும். வருங்காலத்தில் இன்னொரு ரிமோட்டுக்குக் கற்பிக்க நேர்ந்தால், ஆசானாக அமர்பவை அவையே.